நழுவி ஓடும் புள்ளிகள்

“புள்ளி இன்னும் போகலையே தம்பி” என்று கண் டாக்டர் மறுபடியும் போனில் சொன்னபோது புள்ளிக்காரன் அவசரமாக ஆஸ்பத்திரி வெப்சைட்டைத் திறந்து பார்த்தான்.

அலுவலகத்தில் அந்தப் பெயர் அவனுக்குப் பெருமையாகத்தான் வந்தது. வெப்சைட்டில் புள்ளிகளை மிதக்கவிடும் ஒரு குட்டிப் புரோகிராமை, காம்போனென்ட் என்பார்கள், எழுதியிருந்தான். ஒரு தடவை எழுதினால் போதும்; அப்புறம் எந்த வெப்சைட்டில் ஒரு வரி சேர்த்தாலும் அங்கே வந்து மிதக்கும். பொம்மைக் கடைக்கு நட்சத்திரம், ஐஸ்கிரீம் கடைக்குப் பனி. மவுசைக் கிட்டே கொண்டுபோனால் நழுவி ஓடும். அந்த நழுவல் சொந்த மூளையில் உதித்தது என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லி அலுத்து, கடைசியில் மனைவியின் தூக்கத்தையும் கெடுத்திருந்தான்.

அந்த உற்சாகத்தில், யாரும் கேட்காமலே, கண் ஆஸ்பத்திரி வெப்சைட்டிலும் அந்த வரியைச் சேர்த்துவிட்டான். வெள்ளைப் பக்கத்தில் சாம்பல் புள்ளிகள். கண்ணுக்கு முன்னால் புள்ளி பறக்கிறது என்று வருகிறவர்களுக்கு வைத்தியம் பார்க்கிற இடத்தில் நாமே புள்ளியைப் பறக்கவிட்டால் எப்படி என்று டாக்டர் கேட்டார். நியாயமான கேள்விதான்.

முதலாளி சொன்னது இன்னும் நியாயம். டாக்டர் வாயால் திருப்தி என்று ஒரு வார்த்தை வந்தால் வேலை நிரந்தரம். வராவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம். மனைவியோ வேலை நிரந்தரமாகிவிட்டது என்று தன் அண்ணனிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டாள். அந்த மச்சானிடம் ஒன்றைச் சொன்னால் சொந்தக்காரர்கள் அத்தனை பேரிடமும் சொன்ன மாதிரி.

அந்த வரியை அன்றைக்கே எடுத்தாகிவிட்டது. பிரவுசர் சேர்த்துவைத்த பழைய நகலை, அந்தக் கேஷை, கிளியர் பண்ணுங்கள் என்றும் சொல்லிப் பார்த்தாகிவிட்டது. பண்ணினாராம். அப்படியும் இருக்கிறதாம்.

“என் சிஸ்டத்துல சுத்தமா இருக்கே டாக்டர்.”

“உங்க சிஸ்டத்தை வச்சு நான் என்ன பண்றது? இங்க சுத்துது. நேராப் பார்த்தா நழுவிடுது.”

நழுவுகிறது என்று கேட்டதும் அவனுக்குச் சந்தேகமே இல்லை. அது அவன் பெற்ற பிள்ளையேதான். வேறு யார் எழுதிய புள்ளிக்கு அந்தச் சாமர்த்தியம் வரும்? பழைய நகல் ஒன்று சர்வரில் எங்கோ ஒளிந்திருக்கிறது என்று முடிவுகட்டி, காம்போனென்டையே அடியோடு அழித்தான்.

பொம்மைக் கடை வெப்சைட் வெள்ளையாகிப் போனது. ஐஸ்கிரீம் கடையும் அப்படியே. எல்லா இடத்திலும் ஒரே சரக்கைப் போட்டுவைத்தால் எல்லாம் சேர்ந்துதான் படுக்கும் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. ஐஸ்கிரீம்காரர் முதலாளியைப் பிடித்துக்கொண்டார். முதலாளி இவனைப் பிடித்துக்கொண்டார்.

அலறியடித்துப் பழையதைத் திரும்பப் போட்டான். கடைகள் எழுந்தன. ஆனால் அவசரத்தில் கண் ஆஸ்பத்திரியில் பனி கொட்ட ஆரம்பித்துவிட்டது. அதையும் எடுத்தான். டாக்டர் போன் செய்து, பனி நின்றுவிட்டது, பழைய புள்ளி மட்டும் அப்படியே இருக்கிறது என்றார்.

இனி போனில் பேசிப் பயனில்லை, நேரில் போ என்றார் முதலாளி. போய் எதிர்த்து ஒரு வார்த்தை பேசக்கூடாது; டாக்டர் இருக்கிறது என்றால் இருக்கிறது.

ஆஸ்பத்திரி வாசலில் டோக்கன் கொடுக்கிற அக்கா அவனை நேரே உள்ளே அனுப்பினாள். டாக்டர் அவனை மானிட்டர் முன்னால் உட்காரவைத்தார். பக்கம் வெள்ளைவெளேரென்று இருந்தது. ஒரு தூசு இல்லை.

“தெரியுதா?”

இல்லை என்ற வார்த்தை தொண்டை வரை வந்தது. மச்சான் முகமும் கூடவே வந்தது.

“தெரியுது டாக்டர்.”

“எத்தனை?”

“ஒரு… மூணு இருக்கும்.”

“மூணேதான்” என்று டாக்டர் முகம் மலர்ந்தார். இத்தனை நாள் இல்லவே இல்லை என்று சாதித்தவன் இப்போதாவது ஒத்துக்கொண்டானே என்று அவருக்கு அப்படி ஒரு நிம்மதி. புள்ளிக்காரனுக்கோ அவமானத்தில் தலை நிமிரவில்லை. பொய் சொல்லியாகிவிட்டது, இனி எதைப் பார்த்து என்ன ஆகப்போகிறது என்று தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

டாக்டர் விரல் நீட்டி ஒவ்வொன்றாகக் காட்டினார். இது மேலே போகிறது, அது மெதுவாக இறங்குகிறது என்றார். இவன் குனிந்த தலையோடு ஒவ்வொன்றுக்கும் ஆமாம் போட்டான். இன்றைக்கே எடுத்துவிடுவதாகச் சத்தியமும் பண்ணினான். எடுத்துவிட்டால் திருப்தி என்று முதலாளியிடம் தானே சொல்வதாக டாக்டரும் வாக்குக் கொடுத்தார்.

அடுத்த நோயாளியின் ஃபைலோடு வந்த டோக்கன் அக்கா கதவருகில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“டாக்டர், கம்ப்யூட்டர் இந்தப் பக்கம் இருக்கு, நீங்க காட்டறது சுவரு” என்றாள். “உங்க ரெண்டு பேருக்கும் சேர்த்தே டோக்கன் போட்டுடட்டுமா?”