தோளோடு போன வலது கை

வெள்ளவத்தையில் உண்மை பேசுகிற மனிதர் ஒருவர்தான் இருக்கிறார். அவர் எங்கள் தொடர்மாடியில், அதுவும் எங்கள் வீட்டுக்கு எதிர்க் கதவில் வந்து வாய்த்தது எங்கள் தலைவிதி.

பெயரைச் சொல்லிக் கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. 'டோட்டல் லொஸ் அங்கிள்' என்றால் ஒழுங்கை முழுவதும் கை நீட்டி வழி காட்டும். வேலை பார்த்த காலமெல்லாம் ஒரு காப்புறுதிக் கம்பனிக்காக, அடிபட்ட வாகனங்களைச் சுற்றிப் பார்த்துச் சேதம் மதிப்பிட்டவர். திருத்தக்கூடியது என்றால் "தட்டி எடுக்கலாம்" என்பார். திருத்த முடியாதது என்றால் "டோட்டல் லொஸ்." கூட்டியும் சொல்லமாட்டார், குறைத்தும் சொல்லமாட்டார். ஓய்வு பெற்ற பிறகு பார்ப்பதற்கு வாகனம் கிடைக்காததால் எங்களைப் பார்க்கத் தொடங்கினார்.

மூன்றாம் மாடியில் ஒரு கலியாணம். மாப்பிள்ளை எப்படி என்று பெண்ணின் தகப்பன் பெருமையாகக் கேட்டிருக்கிறார். அங்கிள் மணவறையடிக்குப் போய், மாப்பிள்ளையை முன்னால் ஒருதரம் பின்னால் ஒருதரம் பார்த்துவிட்டு வந்து, பெயின்ற் நல்லாக இருக்கிறது, பொனற்றைத் திறந்து பார்க்காமல் வேறொன்றும் சொல்லமுடியாது என்றாராம். அந்த வீட்டிலிருந்து அவருக்குப் பலகாரம் வருவது அன்றோடு நின்றது. என் மகள் ஆரணியின் பிறந்தநாளுக்கு நான் செய்த கேக்கைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். விளிம்பைத் தட்டி எடுக்கலாம், நடு டோட்டல் லொஸ் என்றார். பிறகு அந்த நடுவையும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இப்படிப்பட்டவரின் கையில் ஒரு வீடியோ கேம் வந்து சேர்ந்தது. விரல்கள் மடங்க மறுக்கின்றன, பயிற்சி வேண்டும் என்று டொக்டர் சொல்ல, ரொறொன்ரோவில் இருக்கும் மகன் ஒன்றை வாங்கி அனுப்பியிருந்தான். இரண்டு கைக்குள் அடங்குகிற கருவி. நடுவில் திரை, இரண்டு பக்கமும் கழற்றக்கூடிய சின்னக் கைபிடிகள். ஆளுக்கொன்றைக் கழற்றிப் பிடித்தால் இரண்டு பேர் விளையாடலாம். உள்ளே இருந்தது ஒரே ஒரு விளையாட்டு. தொடர்மாடி உயரத்தில் ரோபோக்கள் ஒரு நகரத்தின் நடுவே நின்று, ஒன்றின் கையை மற்றது பிடுங்கி எறியும்.

சோடி சேர ஆள் தேடியபோது அகப்பட்டவள் ஆரணி. பன்னிரண்டு வயது. பள்ளிக்கூடத்தால் வந்ததும் பையை எங்கள் வீட்டுக்குள் எறிந்துவிட்டு எதிர்க் கதவுக்குள் ஓடிவிடுவாள். எனக்கு அதில் துளியும் விருப்பமில்லை. அவளுக்கு இழுப்பு இருக்கிறது. ஓடினால், தூசு பட்டால், பயந்தால் மூச்சு முட்டும். சண்டை பார்த்து நெஞ்சு படபடத்தால் என்ன செய்வது என்று, இன்ஹேலரும் கையுமாக அங்கிளின் வாசலில் போய் நிற்பேன்.

பயப்படத் தேவையே இருக்கவில்லை. அங்கிள் சண்டை பிடித்தால்தானே? எதிரி ரோபோ வந்து நின்றால், இவர் தன் ரோபோவை மெதுவாக நடத்தி எதிரியைச் சுற்றிப் பார்ப்பார்.

"சுடுங்கோ அங்கிள்."

"பொறு ஆரணி. இவன்ர முழங்கால் முதலே அடிபட்டிருக்கு. பழைய சேதத்தையும் எங்கட தலையில கட்டப் பாப்பினம்."

அதற்குள் எதிரி இவருடைய கையைக் கழற்றியிருக்கும். அங்கிளுக்குக் கோபம் வராது. அறுந்த இடத்தைக் கிட்டப் பார்த்து, மூட்டோடு போயிருக்கிறதா, வயர் மட்டும் போயிருக்கிறதா என்று விளக்கம் சொல்வார். நகரத்து வீதிகளில் நிற்கும் குட்டிக் கார்களை அவருடைய ரோபோ ஒருநாளும் மிதித்ததில்லை. ஒவ்வொன்றாகக் கடந்து கால் வைக்கும். கொழும்பின் காலி வீதி நெரிசலில் மனிதர்கள் இவ்வளவு கவனமாக வாகனம் ஓட்டினால் அவருக்கு அந்த உத்தியோகமே கிடைத்திருக்காது.

இந்த வருடம் ஒரு சனிக்கிழமை மத்தியானம், இரண்டு பேரும் கீழே கடையில் மீன் வைத்த மாலுபாண் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு லிஃப்டில் ஏறினார்கள். கதவு மூடி ஒரு நிமிடம் இராது, மின்சாரம் போனது. ஜெனரேட்டர் இரண்டுதரம் இருமிவிட்டுப் படுத்துக்கொண்டது. அப்போதுதான் பார்த்தேன், ஆரணியின் இன்ஹேலர் என் கையில் இருக்கிறது.

படிகளில் எப்படி இறங்கினேன் என்று எனக்குத் தெரியாது. லிஃப்ட் இரண்டாம் மாடிக்குச் சற்று மேலே நின்றிருந்தது. கீழ் வாசலில் காவலுக்கு நிற்கும் வொச்சர் மூச்சு வாங்க ஏறி வந்து, "மிஸ், பய வென்ட எப்பா," பயப்படாதேயுங்கள், மெக்கானிக் வருகிறான் என்று சிங்களத்தில் ஆறுதல் சொன்னார். கதவில் தட்டினேன். பதில் இல்லை. காதை வைத்துக் கேட்டேன். உள்ளேயிருந்து அங்கிளின் குரல், சேதம் சொல்கிற அதே நிதானத்தோடு வந்தது.

"ஆரணி, உன்ர வலது கை போச்சு. தோளோட போச்சு."

எங்கள் வீட்டில் யார் சொன்னாலும் நம்பியிருக்கமாட்டேன். சொன்னவர் கூட்டியும் குறைத்தும் பேசாத மனிதர்.

"ஆரணி!" என்று கத்தினேன்.

"பொறுங்கோ அம்மா," என்றாள் மகள். குரல் மெல்லியதாக இருந்தது. "இப்ப ஏலாது."

"மொகத மிஸ்?" என்ன நடந்தது என்று வொச்சர் கேட்டார். "அத கெடிலா" என்றேன். கை முறிந்துவிட்டது என்று மட்டும்தான் என் சிங்களத்துக்குச் சொல்லத் தெரிந்தது. தோளோடு போனதைச் சொல்ல எனக்கு எந்த மொழியிலும் வாய் வரவில்லை. வொச்சர் தலையில் கை வைத்துக்கொண்டு கீழே ஓடினார். அந்தச் செய்தி ஒவ்வொரு மாடியிலும் ஒவ்வொரு உறுப்பாகக் கூடிக்கொண்டு போயிருக்க வேண்டும். மெக்கானிக்குக்கு முன்னம் ஆம்புலன்ஸ் வந்துவிட்டது. மூன்றாம் மாடிக் கலியாண வீட்டாரும் பழைய கோபத்தை மறந்து, ஒரு போத்தல் தண்ணீரோடு வந்து நின்றார்கள்.

நான் கதவோடு ஒட்டியபடியே இருந்தேன். "இடது கால் இருக்கு, சமாளிக்க அது காணும்," என்றார் அங்கிள் உள்ளே. நான் கும்பிடாத தெய்வமில்லை. கொட்டாஞ்சேனை அந்தோனியாரையும் விடவில்லை.

மெக்கானிக் வந்து கதவை நெம்பித் திறந்தபோது, இடுப்பளவு உயரத்தில் லிஃப்டின் தரை தெரிந்தது. அதில் இரண்டு பேரும் சம்மணம் கட்டி இருந்தார்கள். நடுவில், கையோடு கொண்டுபோயிருந்த கேமின் திரை வெளிச்சம். ஆரணிக்கு இரண்டு கைகளும் இருந்தன. அவற்றில் ஒன்று கைபிடியில் இருந்தது, மற்றது அங்கிளின் சேர்ட் கையை இறுக்கிப் பிடித்திருந்தது. ஸ்ட்ரெச்சரோடு நின்றவர்களை அங்கிள் நிமிர்ந்து பார்த்து, ஆருக்கு என்ன நடந்தது என்று கேட்டார்.

இன்ஹேலர் தேவைப்படவில்லை. எனக்குத்தான் மூச்சு வாங்கியது. ஆம்புலன்ஸில் வந்தவர் வந்ததற்கு என் பிரஷரைப் பார்த்துவிட்டுப் போனார்.

அன்று பின்னேரம் அங்கிளுக்குத் தேத்தண்ணி கொண்டுபோனேன். பிள்ளையைப் பயப்பட விடாமல் பார்த்துக்கொண்டதற்கு நன்றி சொன்னேன். வேறு யாராவது என்றால் அந்த நன்றியை வாங்கி வைத்திருப்பார்கள்.

"நானோ?" என்றார். "பயந்தது நான் பிள்ளை. இருட்டினவுடன எனக்கு வேர்த்துக் கொட்டினது. அவள்தான் கேமைப் போட்டு, விளையாடுங்கோ அங்கிள் எண்டு கையில தந்தவள். என்னை மறைக்கப் போய்த்தான் அவளின்ர கை போனது."

அவர் என்னை முன்னால் ஒருதரம், பக்கவாட்டில் ஒருதரம் பார்த்தார்.

"அவளில ஒரு கீறலும் இல்லை. சேதம் உமக்குத்தான்."

"தட்டி எடுக்கலாமோ?" என்று கேட்டேன்.

"எடுக்கலாம். நாள் செல்லும்."

சொன்னபடிதான் நாள் செல்கிறது. நான் இன்னும் லிஃப்டில் ஏறுவதில்லை. ஆரணி ஏறினால், அவள் கீழே இறங்கும்வரை படிகளில் கூடவே ஓடுகிறேன். மத்தியானங்களில் மின்விசிறி நின்றாலே நெஞ்சு திடுக்கிடுகிறது. ஒருநாள் இதைக் கவனித்த அங்கிள் என்னைக் கூப்பிட்டுத் தன் கைபிடியை என்னிடம் நீட்டினார். நீரும் ஒருக்காப் பிடித்துப் பாரும், விரலுக்கு நல்லது என்றார். ஆரணி தள்ளி இருந்து இடம் விட்டாள்.

நான் ரோபோவை ஓட்டினேன். ஓட்டினேன் என்பது மரியாதைக்கு. முதலில் ஒரு கட்டடத்தில் மோதினேன். பிறகு ஆரணியின் ரோபோவைச் சுட்டேன். அங்கிள் இவ்வளவு காலமும் ஒன்றுகூட மிதிக்காத குட்டிக் கார்கள் எல்லாவற்றையும் ஒரே நடையில் மிதித்தேன். எதிரி வந்து கைகளைக் கழற்றியது, தலையைக் கழற்றியது. கடைசியில் திரையில் புகைந்துகொண்டு ஒற்றைக் கால் மட்டும் நின்றது.

அங்கிள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரைக்குக் கிட்டக் குனிந்தார். நான் தீர்ப்புக்குத் தயாரானேன். அவர் ஒற்றைக் காலைப் பார்த்தார். பிறகு கைபிடியை இன்னும் இறுக்கிக்கொண்டிருந்த என் விரல்களைப் பார்த்தார்.

"சின்னக் கீறல்தான் பிள்ளை," என்றார். "பெயின்ற் பூசினால் தெரியாது."

ஆரணி வாயைத் திறந்தபடி அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வெள்ளவத்தையில் உண்மை பேசுகிற மனிதர் இப்போது ஒருவரும் இல்லை. எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை.