ரோஜருக்கு ஒரு நிலையான பச்சை

எங்கள் தெருவில் ரோஜரைப் போல எச்சரிக்கையான மனிதர் இதுவரை குடியேறியதில்லை. இனிக் குடியேறப்போவதும் இல்லை. அப்பேர்ப்பட்டவரை நம்பி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை புறப்பட்டுப் போய்த்தான் நான் எமனுக்கு வணக்கம் சொல்லித் திரும்பினேன்.

அவருடைய இயற்பெயர் காஞ்சிபுரம் செவிலிமேட்டில் எவருக்கும் தெரியாது. சிறு விமானம் ஓட்டக் கற்றுக்கொடுத்து ஓய்வு பெற்றவர். மனைவியை இழந்தபின் என் எதிர்வீட்டில் தனியாக வாழ்கிறார். எதைச் சொன்னாலும் ‘ரோஜர்’ என்பார். ஆகாயத்தின் மொழியில் அதற்குக் ‘கேட்டுக்கொண்டேன்’ என்று பொருளாம். தாம் கேட்டுக்கொண்டால் மட்டும் போதாது. தாம் சொன்னதைப் பிறர் திருப்பிச் சொல்லவும் வேண்டும். விமானிக்கும் கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்கும் இடையே உள்ள இந்த ஒழுங்கைக் கீரைக்கார அம்மாளிடமும் எதிர்பார்த்தார்.

“ரெண்டு கட்டு முளைக்கீரை, ஒரு கட்டு கொத்தமல்லி. திருப்பிச் சொல்லும்மா.”

“ஐய! எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது சார். இந்தா, புடி.”

“திருப்பிச் சொல்லாம வாங்கமாட்டேன்.”

ஒரு வாரம் இந்தப் போர் நடந்தது. எட்டாம் நாள் அந்த அம்மாள் ஆயுதத்தை அவர் பக்கமே திருப்பினார். “நாளிக்கு வரமாட்டேன், எங்கக்கா பொண்ணுக்கு வளைகாப்பு. எங்க, நீ திருப்பிச் சொல்லு பாக்கலாம்!” ரோஜர் விறைப்பாக நின்று ஒரு சொல் விடாமல் திருப்பிச் சொன்னார். தம்மைப் புரிந்துகொண்ட ஓர் ஆத்மா காஞ்சிபுரத்தில் கிடைத்துவிட்டதென்று அன்று முழுவதும் பூரித்திருந்தார்.

என் வீட்டுக்கு வருவதும் இவ்வாறுதான். அழைப்புமணியைத் தொடமாட்டார். வெளிக்கதவருகே நிமிர்ந்து நின்று, “இறங்க அனுமதி உண்டா?” என்பார். “வாங்கண்ணா” என்று என் மனைவி எத்தனை முறை அழைத்தாலும் அசையமாட்டார். ‘அனுமதி உண்டு’ என்ற முறையான விடை வந்தாக வேண்டும். “சாம்பார் கொதிக்கிற நேரத்துல இவருக்கு அனுமதி வேற குடுக்கணும்!” என்று அவள் கரண்டியும் கையுமாக வாசலுக்கு ஓடுவாள்.

உள்ளே வந்து காப்பி குடித்ததும் அவர் தொடங்கும் பேச்சு ஒன்றே ஒன்று: பறக்கும்போது ரேடியோ செத்துப்போனால் என்ன செய்வது? “கோபுரத்துல இருந்து பச்சை, சிவப்பு, வெள்ளைன்னு மூணு விளக்குதான் காட்டுவாங்க. நிலையான பச்சைன்னா இறங்கலாம். நிலையான சிவப்புன்னா இன்னொருத்தனுக்கு வழி விட்டுட்டுச் சுத்திக்கிட்டே இருக்கணும். விட்டுவிட்டுச் சிவப்புன்னா அந்தப் பக்கமே இறங்கக் கூடாது. புரிஞ்சதுன்னு சொல்ல இறக்கைய ஆட்டணும். திருப்பிச் சொல்லுங்க.” இதை நான் முப்பது முறையாவது திருப்பிச் சொல்லியிருப்பேன், ஒருமுறையும் கவனித்ததில்லை.

அடுத்த வீட்டுச் சபாபதிக்கோ பொறுமை குறைவு. பட்டுநூலுக்குச் சாயம் ஏற்றுவதில் ஊரே மெச்சும் கைகாரர். “சார், நெசமாவே நீங்க ஏரோப்ளேன் ஓட்னீங்களா, இல்ல ரேடியோல மட்டும் பேசிக்கினு இருந்தீங்களா?” என்று ஒருநாள் கேட்டுவிட்டார். ரோஜரின் முகம் சுண்டிப்போனது. அந்த ஞாயிற்றுக்கிழமையே எங்கள் இருவரையும் தம் பழைய பயிற்சிக் கழகத்துக்கு அழைத்துச் சென்று, நான்கு பேர் அமரும் ஒரு விமானத்தில் ஏற்றிவிட்டார். அவருக்கு அருகில் நான்; பின்னால் சபாபதி.

அரைமணி நேரம் சொர்க்கம். கீழே பாலாறு மணலாய்க் கிடந்தது, ஏரிகள் மின்னின, கோயில் கோபுரங்கள் சுண்டுவிரல் உயரத்தில் நின்றன. திரும்பும் வழியில் எங்கள் காதுகளை மூடியிருந்த கருவியில் ‘கர்’ரென்று ஓர் ஒலி. பிறகு அதுவும் இல்லை.

ரோஜர் குமிழைத் திருகினார். செருகியைப் பிடுங்கிச் செருகினார். மாற்று ரேடியோவுக்குத் தாவினார். எல்லாம் ஊமை. பின்னர் ஒரு கருவியில் ஏழு, ஆறு, சுழியம், சுழியம் என்று எண்களை அமைத்தார். ராடாரில் பார்ப்பவர்களுக்கு ‘என்னால் பேச இயலவில்லை’ என்று அது அறிவிக்குமாம். வருந்துவார் என்று பார்த்தால், மனிதர் முகத்தில் கல்யாணக் களை!

“முதல்ல ஓட்டணும், அப்புறம் வழி பாக்கணும், பேச்சு கடைசி!” என்று இயந்திர இரைச்சலை மீறிக் கத்தினார். “மத்த விமானம் வருதான்னு நான் பாக்கறேன். கோபுரம் வலப்பக்கம், நீங்க ரெண்டு பேரும் விளக்கப் பாருங்க!”

நானோ மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, காகிதப் பைக்குள் முகத்தைப் புதைத்திருந்தேன். ஆகவே எங்கள் மூவருடைய உயிரும் சபாபதியின் கண்களில் தொங்கியது. ஓடுபாதையை நெருங்கினோம்.

“என்ன விளக்கு?”

“எரியுது சார், நிலையா எரியுது!”

“பச்சையா?”

சபாபதி கண்ணைச் சுருக்கி, தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“யோவ், பச்சையா?”

“பச்சைன்னு அப்பிடியே சொல்லிட முடியாது சார். கிளிப்பச்சை இல்ல, பாசிப்பச்சையும் இல்ல. லேசா நீலம் தட்டுது.”

“நீலம்னு ஒரு விளக்கே கிடையாதுய்யா!”

“அத்த நான் சொல்லலையே! மயில்கழுத்துக்கு சாயத்துல ஒரு முக்கு கம்மின்றேன்.”

உறுதியான சொல் கிடைக்காமல் ரோஜர் இறங்குவாரா? ஓடுபாதை எங்கள் காலடியில் வழுக்கிப் பின்னால் போயிற்று. விமானம் மீண்டும் மேலே ஏறியது.

“பச்சைன்னு ஒரு வார்த்தை சொல்லித் தொலையேன் சபாபதி!” என்று பைக்குள்ளிருந்தே அலறினேன்.

“இன்னா வாத்தியாரே, நீங்களே இப்பிடிப் பேசறீங்க? பச்சைன்னு பொதுவாச் சொல்லி, சேலையில கரை ஒண்ணும் உடல் ஒண்ணுமாப் போயி, ஒரு பாவு நூல் முழுக்க நாசமானதப் பாத்தவன் நானு. வாய்க்கு வந்தத சொல்ல மாட்டேன்.”

பக்கத்தில் ஒருவர், பின்னால் ஒருவர். இரண்டு மனச்சாட்சிகளுக்கு நடுவே நான் செத்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் சுற்றும் முடியப்போகிறது. உயிராசை எனக்கு அறிவைக் கொடுத்தது.

“சபாபதி, அது சிவப்பா?”

“சேச்சே! யாரு சொன்னது?”

“வெள்ளையா?”

“இல்லவே இல்ல.”

“அணைஞ்சு அணைஞ்சு எரியுதா?”

“இல்லப்பா, ஒரே சீரா இருக்குது.”

நான் ரோஜரின் காதருகே வாயை வைத்தேன். முப்பது முறை கவனிக்காமல் ஒப்பித்தது ஒரு சொல் பிசகாமல் வந்தது. “நிலையான பச்சை. இறங்கலாம்!”

“ரோஜர்!” என்றார் ரோஜர். இறக்கைகளை இப்படியும் அப்படியும் ஆட்டினார். பிறகு, தூங்கும் குழந்தையைத் தொட்டிலில் இடுவதுபோல விமானத்தைத் தரையில் வைத்தார்.

இயந்திரம் நின்றது. ரோஜர் காதுக்கருவியைக் கழற்றினார். சபாபதியைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவரோ பின்னால் திரும்பி, “மயில்கழுத்துக்கு எவ்வளவு கம்மின்னீங்க?” என்று மிகுந்த மரியாதையோடு கேட்டார்.

“ஒரு முக்கு சார்” என்றார் சபாபதி. “காய்ச்சிக் காட்றேன்.”

காட்டினார். மூன்று முறை தோய்த்தும் மனம் நிறையாமல், நான்காம் முறை எடுத்த பட்டுநூலை ஒரு கழியாகச் சுருட்டி என் வீட்டுக்குக் கொண்டுவந்தார். ரோஜர் அதை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்துவிட்டு, “இதேதான்” என்றார். என் மனைவி அதை வாங்கி, தெருவைப் பார்த்த சன்னல் கம்பியில் கட்டினாள்.

இப்போது ரோஜர் எங்கள் வாசலில் நின்று எதுவும் கேட்பதில்லை. எதிர்வீட்டிலிருந்து சன்னலைப் பார்ப்பார். இரு கைகளையும் விரித்து இப்படியும் அப்படியும் ஆட்டுவார். நேரே காப்பிக்கு வந்துவிடுவார். வெயிலில் நூல் வெளுக்கத் தொடங்கினால், சொல்லாமலே சபாபதி புதுக் கழி கொண்டுவருகிறார்.

காப்பி ஆனதும் கட்டி, அவர் போனதும் அவிழ்ப்பது என்பதுதான் முதலில் செய்த ஏற்பாடு. கட்டியது என் மனைவிக்கு நினைவிருக்கிறது. இத்தனை நாளில் அவள் அதை ஒருமுறையும் அவிழ்த்ததில்லை.