கல்விக் கொள்கையும் ஒரு சாமந்தி மாலையும்

ஏசிக்குக் கீழே உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களுக்கு எல்லா மெஷினும் மிக்ஸி மாதிரிதான் தெரியும். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. (மிக்ஸியும் எனக்குச் சரியாக வராது, அது தனிக்கதை.)

ஒரகடத்தில் ஒரு தொழிற்பயிற்சி மையத்தில் நான் ஒருங்கிணைப்பாளர். அப்போது ஒரு வெளிநாட்டோடு கைகோத்து நம் தேசியத் தொழிற்கல்விக் கொள்கையைத் தயாரித்துக்கொண்டிருந்தார்கள். அதற்காக டெல்லி அதிகாரி ஒருவரும் வெளிநாட்டு நிபுணர் அம்மா ஒருவரும் எங்கள் மையத்துக்கு வருவதாகத் தகவல். பயிற்சி அவர்களுக்குப் பிடித்துவிட்டால் எங்கள் பிள்ளைகளுக்கு இரு நாட்டுச் சான்றிதழ் கிடைக்கும். தேதியை என்னையே சொல்லச் சொன்னார்கள். ஆயுத பூஜை விடுமுறைக்கு முந்தின நாளை, அதாவது மையத்தில் பூஜை போடும் நாளைச் சொன்னேன். வருடத்தில் அன்றைக்குத்தானே எங்கள் ஒர்க்‌ஷாப் பளபளவென்று இருக்கும்!

வந்தார்கள். சந்தனம், குங்குமம், எலுமிச்சம்பழம், வாழைக்கன்று, லேத் மெஷினுக்குச் சாமந்தி மாலை. அந்த அம்மா எல்லாவற்றையும் ரசித்துவிட்டு, "பயிற்சி எப்போது தொடங்கும்?" என்றார்.

நான் இன்ஸ்ட்ரக்டர் முருகேசனைப் பார்த்தேன்.

"பூசை போட்டாச்சு மேடம். இனிமே நாளன்னிக்குத்தான் மெஷின் ஓடும்."

"இவங்களுக்கு ராத்திரி ஃப்ளைட்டுங்க!"

"அதுக்கு நான் இன்னா பண்றது? தேதி குட்த்தது நீங்கதானே?"

பயிற்சி மாணவி செல்வியிடம் கெஞ்சினேன். திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். "எங்கம்மைக்குத் தெரிஞ்சா கொன்னேபோடுவா மேடம்" என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

டெல்லி அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். பிள்ளைகளின் சான்றிதழ் என் கண்ணெதிரே கைநழுவிப் போய்க்கொண்டிருந்தது. அழுகையே வந்துவிட்டது. நானே ஓட்டிக் காட்டுகிறேன் என்று பட்டுப்புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு பச்சை பட்டனை அழுத்தினேன்.

மாலையைக் கழற்றவில்லை.

லேத் சுற்றிய சுற்றில் மாலை பிய்ந்து எல்லோர் மேலும் பூமாரி பொழிந்தது. போகிற போக்கில் அது தட்டிவிட்ட குங்குமக் கிண்ணம் டெல்லி அதிகாரியின் வெள்ளைச் சட்டையில் கவிழ்ந்தது. எலுமிச்சம்பழம் எங்கே போனதென்று இன்றுவரை தெரியாது. நான் சிலை மாதிரி நிற்க, அந்த அம்மாதான் எட்டிச் சிவப்பு பட்டனை அழுத்தினார். தலை நிறையச் சாமந்தி இதழ்களோடு என்னைப் பார்த்து, "தெரிந்தவர்கள் யாரும் தொடவில்லை. நீங்கள் ஏன் தொட்டீர்கள்?" என்று கேட்டார்.

மெஷினுக்கு இவ்வளவு மரியாதை தரும் பிள்ளைகளுக்குத் தாராளமாகச் சான்றிதழ் தரலாம் என்று அந்த அம்மா எழுதிவிட்டாராம்; எங்கள் மையம் தேர்வாகிவிட்டது. (செல்வி ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை.) ஆனால் பிறகு வந்த கொள்கை வரைவில் புதிதாக ஒரு வரி முளைத்திருந்தது. பயிற்சி மையங்களின் அலுவலக ஊழியர்களும் அடிப்படை இயந்திரப் பயிற்சி பெற வேண்டுமாம். நாடு முழுக்க எத்தனை பேர் யூனிபார்ம் மாட்டிக்கொண்டு என்னைத் திட்டப்போகிறார்களோ!

என் கணவர் இன்னும் விடுவதாக இல்லை. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் மிக்ஸிக்குப் பொட்டு வைத்த கையோடு அதைப் பரண்மேல் ஏற்றிவிடுகிறார். ஏனென்று கேட்பவர்களிடம் சொல்வார்:

"இன்னா பண்றது? இவ பட்டனை அமுக்குனா டெல்லில சட்டத்தையே மாத்திடுறாங்க!"