வீட்டுச் சம்பளமும் வருமானச் சான்றிதழும்

ரவிசந்திரனுக்கு இரண்டு சம்பளம். பூனாவின் ஒரு கோடியில், தாபோடித் தொழிற்சாலையில் எண்பத்தைந்தாயிரம். மறுகோடியில் கோந்த்வா வீட்டுக்குள் நுழையும்போது அது அறுபதாயிரம். நடுவில் ஒன்றரை மணி நேர பஸ் பயணம்; அவ்வளவு தூரம் வந்தால் சம்பளமும் இளைக்கத்தானே செய்யும்?

கல்யாணமான புதிதில், மைத்துனர் கைமாற்றுக் கேட்டுவிடுவாரோ என்ற பயத்தில் மனைவி விசாலத்திடம் குறைத்துச் சொன்னது. அப்புறம் திருத்திச் சொல்ல நல்ல நேரம் வாய்க்கவில்லை. சம்பளம் ஏற ஏற, பொய்யும் கூடவே ஏறியது. பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடையாது என்பார்கள். இவருக்கு இருபத்தொரு வருஷமாக வேளை தவறாமல் கிடைத்தது. அதுதான் அவரைக் கெடுத்தது.

குடி, சீட்டாட்டம் எதுவும் இல்லாத மனுஷர். மிச்சப் பணத்தைத் தொழிற்சாலை எதிரே இருந்த கூட்டுறவு வங்கியில் போட்டு வந்தார். எல்லாம் தூங்குவதற்காக! முப்பது வருஷமாகக் காலை ஐந்தே முக்கால் பஸ்ஸைப் பிடித்துப் பிடித்து எலும்பெல்லாம் அலுத்துவிட்டது. ஐம்பத்தைந்தில் வேலையை விட்டுவிட்டு, எட்டு மணி வரை இழுத்துப் போர்த்திக்கொண்டு கிடக்க வேண்டும். இன்னும் ஒரே வருஷம்தான் பாக்கி.

அப்போதுதான் மகள் வைஷுவுக்கு விமான் நகர்ப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் பி.எஸ்ஸி. இடம் கிடைத்தது. விசாலம், அக்கம்பக்கத்தில் விற்பதற்கு இட்லி மாவு அரைக்கிற சத்தத்தையும் மீறிக் கூவினாள்.

"ஏனுங்க! எட்டு லட்சத்துக்குக் கீழ வருமானம்னா காலேஜே பாதி ஃபீஸைத் தள்ளிக் குடுக்குதாமா. நமக்கு ஏழே காலுகூட இல்லீங்களே! கண்ண மூடிட்டுக் கெடைச்சுரும்!"

ரவிசந்திரன் கண்ணை மூடிக்கொண்டார்.

"தாசில்தார் ஆபீஸ்ல வருமானச் சான்றிதழ் மட்டும் வாங்கிட்டு வந்துருங்க."

மறுநாள் வெறுங்கையோடு வந்தார். "சர்வர் டவுன்."

அடுத்த நாள்: "கிளார்க் லீவு."

அதற்கடுத்த நாள்: "சர்வர் வந்துருச்சு, கிளார்க்கும் வந்துட்டான். கரண்ட் போயிருச்சு."

"பாவம், நீங்க அலைஞ்சு அலைஞ்சு கறுத்தே போயிட்டீங்க," என்று விசாலம் மோர் கொண்டுவந்து கொடுத்தாள்.

வைஷு தன் இந்தி கலந்த பூனாத் தமிழில் கேட்டாள். "அப்பா, ஃபார்ம் ஆச்சா? ஃப்ரைடே லாஸ்ட் டேட் ஹை நா!"

"எதுக்கு விசாலு இந்த உதவித்தொகையெல்லாம்? நம்மளவிட ஏழைங்க யாராச்சும் வாங்கிக்கட்டும்."

"அறுவதாயிரத்துல ஓட்டற நாமளே ஏழைதானுங்க. எப்படித்தான் சமாளிக்கறீங்களோன்னு நான் நெனைக்காத நாளில்ல."

வியாழக்கிழமை சாயங்காலம் விசாலம் ஒரு தாளை மேஜைமேல் வைத்தாள். தானே கல்லூரிக்குப் போய் வாங்கி வந்த உறுதிமொழிப் படிவம். "சான்றிதழைப் பொறவு குடுத்துக்கலாமாமுங்க. இப்பத்திக்கு வருமானத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டாப் போதும். கீழ ஒரு வரி இருக்குது. அதையும் படிச்சிருங்க."

படித்தார். தகவல் பொய்யென்று தெரிந்தால் மாணவியின் சேர்க்கை ரத்து.

பேனா தாளைத் தொடவில்லை. பெண்டாட்டியிடம் பொய் சொல்வது வேறு, பெண்ணின் படிப்பின்மேல் பொய்யை எழுதுவது வேறு. உள்ளறையில் வைஷு கல்லூரிப் பையை முன்கூட்டியே மாட்டிக்கொண்டு கண்ணாடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"விசாலு, என் சம்பளம் அறுவதாயிரம் இல்ல."

"எண்பத்தஞ்சுங்க."

"ஆமா, எண்பத்..." ரவிசந்திரன் நிமிர்ந்தார். "உனக்கு எப்படித் தெரியும்?"

விசாலம் சமையலறைச் சுவரைக் காட்டினாள். பால் கணக்குக் குறிக்கிற மராட்டிக் காலண்டர். வருஷா வருஷம் ஜனவரியில் வங்கியில் இலவசமாகக் கொடுப்பார்கள். சும்மா கிடைப்பதை விட்டுவர மனசு வராமல் அவரே சுருட்டி எடுத்துவந்து, அவர் கையாலேயே மாட்டியது.

"அடியில என்ன எழுதியிருக்குது?"

"பண்டிகை வாழ்த்து?"

"வைப்புத்தொகை போட்டவங்களுக்கு மட்டும்னு எழுதியிருக்குது. பதினோரு வருஷமா மாட்டறீங்க. பக்கத்து வீட்டு ராஜஸ்ரீகிட்ட நான் மராட்டி படிக்கக் கத்துக்கிட்டதே அதைப் பாத்துத்தான். அப்புறம் உங்க சம்பளச் சீட்டைச் சட்டைப் பையோட தொவைக்கறது யாருங்க?"

"அப்புறம் எதுக்கு என்னைத் தாசில்தார் ஆபீசுக்கு விரட்டினே?"

"போனீங்களா?"

விசாலம் உறுதிமொழித் தாளை எடுத்து நாலாக மடித்தாள். அடியில் இன்னொரு தாள் இருந்தது: முழு ஃபீஸுக்கான சலான். அவருடைய வங்கிக் கணக்கு எண் உட்பட எல்லாமே அழகாக எழுதியிருந்தது. கையெழுத்துதான் பாக்கி.

போட்டார். மூன்று வருஷப் படிப்பு. எட்டு மணித் தூக்கம் ஐந்தே முக்கால் பஸ்ஸேறிப் போனது.

தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனபோதுதான் கவனித்தார். அவர் ஒரு காலண்டர்தான் கொண்டுவந்திருந்தார். ஆணியில் அதே வங்கியின் காலண்டர் ஒன்றின் பின்னால் ஒன்றாக இரண்டு தொங்கின.

"விசாலு, இது யாரோடது?"

"மாவு வித்த காசுங்க. நீங்க வேலையை விடறப்போ ஆகுமேன்னு போட்டு வெச்சேன்."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "எவ்வளவு இருக்குது புள்ள?"

விசாலம் கிரைண்டரைப் போட்டாள்.

"நெசத்தச் சொல்லட்டுங்களா, இல்ல நம்ம வீட்டு வழக்கப்படி கொறைச்சுச் சொல்லட்டுங்களா?"