அரைப்புள்ளியும் ஆயத்தக்காரரும்

கருவியைக் குறையில்லாமல் செய்து முடித்த பிறகுதான் வேலையைத் தொடங்குவேன் என்று ஒரு மனிதர் தீர்மானித்துவிட்டால், அந்த வேலை எப்போது தொடங்கும்?

கிறிஸ்துநாயகத்தின் வாழ்க்கை என்னிடம் கேட்ட கேள்வி இது. பதில் உங்களுக்கும் தெரியும். தொடங்காது.

இந்த இனத்துக்கு நான் வைத்திருக்கும் பெயர் ஆயத்தக்காரர். ரொறன்ரோவில் இவர்களுக்குத் தட்டுப்பாடே இல்லை. வாசிப்பதற்கு முன் அலுமாரி செய்பவர், ஓடுவதற்கு முன் சப்பாத்து ஆராய்ச்சியில் கோடைகாலத்தைக் கழிப்பவர், 'ஹலோ, ஹலோ' என்று ஒலிவாங்கியைப் பரிசோதித்தே வந்த கூட்டத்தை வீட்டுக்கு அனுப்புபவர், எல்லோரும் ஒரே குடும்பம். ஆனால் இவர்கள் எல்லோரும் எழுந்து இடம்கொடுக்க வேண்டிய ஒருவர் இருக்கிறார். தன் கம்பியில்லாக் கீபோர்டில் விசைகளை இடம்மாற்றுபவர்.

கிறிஸ்துநாயகம் டோர்செட் பார்க்கில் ஒரு மாடிக் குடியிருப்பில் இருந்தார். கணினி வேலை. சுட்டியைத் தொடுவதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லவேண்டிய குற்றமாகக் கருதுபவர். டெர்மினல் என்ற கறுப்புத் திரையைத் திறந்து, எழுத்தாலேயே கணினிக்குக் கட்டளை இடுவார். கட்டளைக்காக விரல் அதிக தூரம் போகக் கூடாது அல்லவா? ஆகவே 'காப்ஸ் லொக்'கை 'கொன்ட்ரோல்' ஆக்கினார். பழைய கொன்ட்ரோலை 'ஓல்ட்' (Alt) விசை ஆக்கினார். வேலையிழந்த ஓல்ட்டுக்கு வேறு வேலை தேடிக் கொடுத்தார். ஒன்று பெயர்ந்தால் மற்றதும் பெயரத்தான் வேண்டும். 2009 வைகாசியில், வன்னியில் ஒரு சனமே இடம்பெயர்ந்து முடிந்திருந்தபோது, அவர் விசைகளை இடம்பெயர்த்துக்கொண்டிருந்தார்.

சும்மா செய்யவில்லை. போர் முடிந்து, யார் எந்த முகாமில் என்று தெரியாமல் ஊர் முழுக்கத் தவித்தபோது, உறவினரைத் தேடுவோருக்கு ஒரு இணையத்தளம் செய்து தரும்படி கோவில் சங்கம் கேட்டிருந்தது. உடனே சம்மதித்தார். ஆயத்தக்காரர் எதையும் மறுப்பதில்லை.

"அண்ணை, வெப்சைட் எந்த மட்டில நிக்குது?" என்று சங்கத்து எமில்டா பூசை முடிந்ததும் மறித்துக் கேட்டார்.

"முக்கால்வாசி முடிஞ்சுது. கீபோர்ட் ஒண்டுதான் கரைச்சல். அது நித்திரை கொண்டு எழும்பினா நான் மாத்தினதெல்லாத்தையும் மறந்துபோகுது."

"அது கிடந்து நித்திரை கொள்ளட்டும் அண்ணை. நீங்கள் எழும்புங்கோ."

எழும்பினார். மாற்றங்களைக் கணினிக்குள்ளேயே எழுதிவைத்தார். இனி எந்தக் கீபோர்டைக் கொண்டுவந்து செருகினாலும் தப்ப முடியாது. கடைசி மெருகாக, வலது சுண்டுவிரலுக்குக் கீழே சுகமாகப் படுத்திருந்த அரைப்புள்ளியைக் கிளப்பிவிட்டு அந்த இடத்தை, திறந்ததை மூடும் 'எஸ்கேப்'புக்குக் கொடுத்தார். பிறகு, வேலை ஏறக்குறைய முடிந்துவிட்டது என்று சங்கத்துக்குச் சொல்லக் காரில் புறப்பட்டார்.

அவருடைய மனைவி வேரோனிக்கா, ஸ்காபரோவில் ஓர் இலவசப் பத்திரிகைக்கு மரண அறிவித்தல்கள் தட்டச்சு செய்பவர். பாமினி என்ற தமிழ்த் தட்டச்சு முறையில், விசையைப் பாராமல் அடிப்பார். பாமினியில் மெய்யெழுத்தின் தலைப்புள்ளி எந்த விசையில் இருக்கிறது? அரைப்புள்ளியில்.

அன்று பகல் அதே வீட்டுக் கணினியில் ஒரு செய்திப் பெட்டி திறந்தது. வன்னிக்குள் அகப்பட்டு மாதக்கணக்கில் தொடர்பில்லாமல் இருந்த தம்பி அகஸ்ரின். காயத்தோடு மன்னார் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தான். பாதர் ஒருவரின் கணினியில் கொஞ்ச நேரம் கிடைத்திருக்கிறது.

'அக்கா, நிக்கிறியளோ?'

வேரோனிக்கா 'ஓம்' என்று அடித்தார். புள்ளியில் விரல் பட்டதும் எஸ்கேப் தன் கடமையைச் செய்தது. பெட்டி மூடிக்கொண்டது.

மறுபடி திறந்தார். 'அக்கா?' என்று நின்றது. 'ஓம்.' மூடிக்கொண்டது. ஆங்கிலத்துக்குத் தாவப் பார்த்தார். தாவும் விசையும் அங்கே இல்லை. கணவருக்குப் போன் போட்டார்.

"இஞ்சருங்கோப்பா, புள்ளி எங்க?"

"என்ன புள்ளி?"

"செமிகோலன்! அகஸ்ரின் லைனில நிக்கிறான்!"

"அதை மாத்தினனான் வேரோனி. டெர்மினலுக்கு அது..."

"எங்க மாத்தினனீங்கள்?"

கிறிஸ்துநாயகம் காரைத் தெருவோரம் நிறுத்தி, ஸ்ரியரிங் மேல் பத்து விரல்களையும் வைத்து, அடித்துப் பார்த்தார். "வாயால சொல்லத் தெரியேல்லை. விரலுக்குத்தான் தெரியும். வீட்டை வாறன்."

"அதுவரைக்கும் அவன் நிப்பானோ? வையுங்கோ போனை!"

வேரோனிக்கா புள்ளியில்லாத தமிழைத் தேடினார். 'ஓ. நீ சுகமா?' என்று அடித்தார். போனது.

'சுகம் அக்கா. கால்ல காயம், மாறீடும். ஏன் ஒண்டும் சொல்லுறியள் இல்லை? கோவமோ?'

கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று. அம்மா எங்கே? 'அம்மா'வில் புள்ளி. 'எங்கே'யில் புள்ளி. 'தாய்' என்றாலும் புள்ளி. பெற்றவளை எந்தப் பெயரால் விசாரித்தாலும் தலையில் ஒரு புள்ளி நிற்கிறது. கடைசியில் ஒரு சொல் அகப்பட்டது.

'மாதா?'

பதில் வந்தது. 'கோயில் முழுக்க இடிஞ்சிட்டுது அக்கா. மாதா தப்பீட்டா.'

அதோடு தொடர்பு அறுந்தது.

தப்பியது அம்மாவா, கோயில் மாதாவின் சுருவமா? அந்தக் கிழமை முழுவதும் அந்த வீட்டில் யாரும் இதை வாய்விட்டுக் கேட்கவில்லை. கிறிஸ்துநாயகம் விளக்கம் சொல்ல இரண்டு தரம் வாயெடுத்தார். வேரோனிக்கா திரும்பிப் பார்த்தார். வாய் மூடிக்கொண்டது. அதற்கு எந்த விசையும் தேவைப்படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மன்னாரிலிருந்து அந்தப் பாதர் தொலைபேசியில் வந்தார். "அம்மா முகாமில சுகமா இருக்கிறா பிள்ளை. ஆனா சரியான கோவம். பெத்த தாயைக் கேக்காமல் மகள் சுருவத்தை விசாரிச்சவளாம்."

வேரோனிக்கா அழுதார், பிறகு சிரித்தார், பிறகு கணவரை ஏசினார். ஒழுங்கு சரியானதுதான்.

இணையத்தளம் அடுத்த சில நாட்களில் வந்தது. அழகில்லை. வேலை செய்தது. இதற்கு மேல் அவரைப் புகழ எனக்கு மனம் வரவில்லை.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. இதை வாசிக்கத் தொடங்குமுன் கண்ணாடியைத் துடைத்தீர்களா? வெளிச்சத்தைச் சரிபார்த்தீர்களா? தேத்தண்ணி போட்டுவிட்டு வந்து ஆறுதலாக வாசிப்போம் என்று ஒருதரம் எழுந்தீர்களா? உங்களுக்காக யாரோ எங்கோ காத்திருக்கக்கூடும். எதற்கும் பாருங்கள்.

கிறிஸ்துநாயகம் விசைகள் எல்லாவற்றையும் பழைய இடங்களுக்கே அனுப்பிவிட்டார். ஒன்றைத் தவிர. டெர்மினல்காரர்கள் உயிரைக் கொடுத்தாலும் விட்டுக்கொடுக்காத அந்தக் காப்ஸ் லொக் விசையை அழுத்தினால், இன்றைக்கும் அந்த வீட்டுக் கணினியில், அவசரத்துக்கென்று இன்னொரு புள்ளி விழும். வேரோனிக்காவின் சுண்டுவிரல் பழைய இடத்துக்கே போகிறது. அந்தக் காப்ஸ் லொக்கை அவர் தொட்டதே இல்லை. ஏன் அப்படி வைத்திருக்கிறீர்கள் என்று நான் கேட்டேன். கிறிஸ்துநாயகம் கீபோர்டைத் திருப்பி, பற்றரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.