முனிலட்சுமியின் சம்பளக் கார்டு

பெற்ற மகளின் பிறந்த தேதி தெரியாமல் திம்மப்பன் ஓசூர் ஏ.டி.எம்.முக்குள் வியர்த்துக்கொண்டிருந்தான்.

கார்டு மனைவி முனிலட்சுமியுடையது. போன வாரம் அவள் வேலை செய்யும் கம்பெனியில் பெண்களுக்குப் பணம் பற்றி வகுப்பு எடுத்தார்கள். வீட்டுக்கு வந்த கையோடு ரகசிய எண்ணை மாற்றிவிட்டாள்.

“நம்ம ரூபா பொறந்த தேதியும் மாசமும்தான். மறக்கவா போறீங்க?” என்றாள். அவன் செல்போனைப் பார்த்தபடியே தலையாட்டி வைத்தான்.

இப்போது அவளைக் கேட்கவும் வழியில்லை. கம்பெனிக்குள் செல்போன் கூடாது, லாக்கரில் கிடக்கும். ரூபா பள்ளிக்கூடத்தில். பிரியாணிக் கடையிலோ நண்பர்கள் ஐந்து பேர் காத்திருக்கிறார்கள். “இன்னிக்கி எஞ்செலவு!” என்று மார்தட்டியவன் இவன்தான்.

மாம்பழ சீசனில் பிறந்தாள், அது நிச்சயம். மாங்கூழ் ஆலைக்குப் போகும் லாரிகள் கிருஷ்ணகிரி ரோட்டை அடைத்து நிற்க, ஆட்டோவிலேயே பிரசவம் ஆகிவிடுமோ என்று அலறினானே! மே பத்து? தவறு. ஜூன் பத்து? அதுவும் தவறு.

“பேக மாடி சார்!” என்று பின்னாலிருந்து ஒரு லாரி டிரைவர் கன்னடத்தில் அவசரப்படுத்தினார். பதற்றத்தில் ஜூன் இருபதை அழுத்தினான். மூன்றாவது தவறு. கார்டு முடங்கிவிட்டது.

லோடு ஆட்டோ ஓட்டி வரும் காசு அவனுக்கு டீசலுக்கும் டீக்குமே சரியாகிவிடும். இந்தக் கார்டு சட்டைப்பையில் இருப்பதால்தான் அவன் குடும்பத் தலைவன். பி.எஃப்., பஸ், கேன்டீன் என்று கம்பெனிக்காரன் பிடித்தது போக அவள் சம்பளம் ஆறாயிரம் வரும். அதில் இரண்டாயிரத்தைப் பெருந்தன்மையோடு வீட்டுக்குக் கொடுப்பான். வாடகை, மளிகை, பள்ளிக்கூட ஃபீஸ் எல்லாவற்றையும் முனிலட்சுமி எப்படியோ சமாளித்துவிடுவாள். எப்படி என்று அவன் கேட்டதில்லை.

நாலரை மணிக்குக் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்குவாள். விஷயம் தெரிந்தால் கார்டைப் பிடுங்கிக்கொள்வாள்.

வங்கிக்கு ஓடினான். “கார்டு யாருதோ அவங்கதான் வரணும்” என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினார் காவலாளி.

திம்மப்பன் பக்கத்து வீட்டு சரசம்மாவோடு திரும்பி வந்தான்.

“பேரு கேட்டா முனிலட்சுமின்னு சொல்லுக்கா. வேற ஒண்ணும் பேசாத.”

“பிரியாணில லெக் பீஸு வேணும், சொல்லிட்டேன்.”

கவுன்டரில் இருந்த ஸ்வாதி கணினியைப் பார்த்தாள். பிறகு சரசம்மாவைப் பார்த்தாள்.

“பேரு?”

“முனிலட்சுமி.”

“வயசு?”

“முப்பத்திரெண்டு” என்று முந்திக்கொண்டான் திம்மப்பன்.

“அட, எம் மூத்த பையனுக்கும் அதே வயசுதான்!” என்றாள் சரசம்மா.

ஸ்வாதி பேனாவைக் கீழே வைத்தாள். “முனிலட்சுமியக்காவை எனக்கு நல்லாத் தெரியும். நீங்க யாரும்மா?”

“நான் பிரியாணிக்கு வந்தேம்மா” என்று உண்மையைச் சொல்லிவிட்டு நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டாள் சரசம்மா.

திம்மப்பன் உடைந்துபோனான். “தப்புதாம்மா. நான் அவ வீட்டுக்காரன். அவ மொத்தச் சம்பளமும் இதுலதான் வருது. நான் முடக்கிட்டேன்னு தெரிஞ்சா என்னைத் தொலைச்சிடுவா.”

ஸ்வாதிக்குப் பாவமாக இருந்தது. கார்டை அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்து ஆறுதல் சொன்னாள்.

“பயப்படாதீங்கண்ணா, அக்கா சம்பளம் வேற கணக்குக்கு மாறி ரெண்டு வருசமாச்சு, இந்த ஆறாயிரம், அவங்க மாசாமாசம் உங்க கைச்செலவுக்குப் போட்டு விடறது.”