பாதி தூக்கிய கை

நடுநிலையாளர் என்றோர் இனம் நம்மிடையே நடமாடிக்கொண்டிருக்கிறது. அருகிவரும் இனம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பெருகித்தான் வருகிறது, எண்ணத்தான் முடிவதில்லை. கணக்கெடுக்கக் கதவைத் தட்டினால், "ஒருவகையில நானும் அதுல சேர்த்திதான், இன்னொரு வகையில பார்த்தா இல்ல" என்று வாசலிலேயே அரை மணி நேரம் நிறுத்திவைத்து, எந்தக் கட்டத்தில் குறிப்பது என்று வந்தவருக்கே தெரியாமல் செய்து அனுப்பிவிடுவார்கள்.

கொடுமைக்காரர்கள் அல்ல. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். யார் மனமும் நோகக் கூடாது என்று நினைப்பவர்கள். அதனால்தான் இவ்வளவு பேருக்கு நோகிறது.

நமக்குக் கிடைத்திருக்கும் மாதிரி, எட்டு மாடிக் குடியிருப்பு ஒன்றில் ஏழாவது மாடியில் வசிக்கிறார். அவருடைய பெயர் கட்டடத்தில் பலருக்கும் மறந்துபோய்விட்டது. "ஒருவகையில் சார்" என்று கேட்டால்தான் காவலாளி மேலே கை காட்டுவார். அந்தச் சொல் இல்லாமல் அவரால் ஒரு வாக்கியத்தைத் தொடங்க முடியாது. உத்தியோகம், காப்பீட்டு நிறுவனத்தில் இழப்பை மதிப்பிடுவது. கூரை மொத்தமும் பறந்துபோய் வானம் தெரிந்த ஒரு கிடங்கைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து, "மேற்பகுதியில் ஓரளவு பாதிப்பு" என்று எழுதியவர். அதற்குப் பதவி உயர்வும் கிடைத்தது.

காலையில் இரண்டு பத்திரிகை வாங்குவார். ஒன்று ஆட்சியில் இருப்பவர்களைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடும். மற்றது அவர்கள் தும்மினால்கூடச் சதி என்று எழுதும். முதலாவதைப் படித்துக் கோபம் வந்ததும் இரண்டாவதைப் பிரித்து, அதில் எதிர்ப்பக்கக் கோபத்தை வரவழைத்து, இரண்டையும் ஒன்றோடொன்று கழித்துவிடுவார். காப்பி ஆறுவதற்குள் எதைப் பற்றியும் அவருக்குக் கருத்து மிச்சமிருக்காது. பேச்சு மட்டும் இருக்கும், எல்லாவற்றைப் பற்றியும்.

லிஃப்ட்டுக்குக் காத்திருக்கும் நேரத்தில் கேட்டுப் பாருங்கள். போர்? "தப்புதாங்க. அதுக்காக அவசரப்பட்டு நிறுத்திடவும் கூடாது." பூமி சூடாகிறதே? "ஒருவகையில உண்மைதான். ஆனா குளிரும் தாங்க முடியல பாருங்க." கருத்துச் சுதந்திரம்? "கண்டிப்பா வேணும். மனசுக்குள்ள." வெளியிலிருந்து பிழைக்க வந்தவர்கள்? "தாராளமா வரட்டும். வந்த மாதிரி தெரியாம இருந்துட்டா நல்லது." பெண்கள் வேலைக்குப் போவது? "போகணுங்க. அதே சமயம் வீட்டுலயும் இருக்கணும்."

கடைசிப் பதில், செருப்பை மாட்டிக்கொண்டு வந்த அவர் மனைவியின் காதில் விழுந்துவிட்டது. அவர் ஆஸ்பத்திரியில் எலும்பு முறிவுப் பிரிவில் நர்ஸ்.

"அப்ப நான் பாதி வழி போய்ட்டுத் திரும்பிடட்டுங்களா?"

"நான் பொதுவா சொன்னேன்."

"நானும் பொதுவாத்தாங்க கேட்டேன்."

தேர்தல் நாளில் வாக்குச்சாவடித் தடுப்புக்குப் பின்னால் அவ்வளவு நேரம் நிற்பவர் வேறு யாரும் இல்லை. உள்ளே என்னதான் செய்கிறார்? வெளியே வரும்போது முகத்தில் ஒரு நிம்மதி இருக்கும். யாருக்குப் போட்டார் என்பது பரம ரகசியம். அவருக்கே சரியாகத் தெரியுமா என்பதில் மனைவிக்குச் சந்தேகம் உண்டு. குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் ஒன்றைச் சொல்லி, இன்னொருவர் அதை அடியோடு மறுத்தால், இரண்டுக்கும் அடியில் கட்டைவிரலை உயர்த்தி வைத்திருப்பது அவர்தான். மனுவில் கையெழுத்துக் கேட்டுப் போனால் மறுக்க மாட்டார். பென்சிலில் போடுவார்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையின் குறுக்கே ஒரு காகிதம் வந்து நின்றது. லிஃப்ட் கதவுக்குப் பக்கத்தில், கண்ணுக்கு நேராக, நான்கு மூலையிலும் டேப் ஒட்டி: "வீட்டு வேலை செய்பவர்களும் பொருள் கொண்டுவருபவர்களும் படிகளைப் பயன்படுத்தவும்." இரண்டாவது மாடிப் பல் டாக்டரின் யோசனை. ஈர வாளி சொட்டுகிறதாம். கண்ணாடியில் கை படுகிறதாம். காலையில் வேலைக்குக் கிளம்பும் குடியிருப்பாளர்களுக்கு நிற்க இடம் இல்லையாம். டாக்டரின் நாய்க்கு இந்தத் தடை கிடையாது. அது குடியிருக்கிறது.

மேல் மாடிகளில் நான்கு வீடுகளைப் பெருக்கித் துடைக்கும் அக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது. வலது முட்டியில் வீக்கம். நம்மவர் வீடும் அந்த நான்கில் ஒன்று. அறிவிப்பு வந்த மூன்றாம் நாள், துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு நேராகக் கேட்டார்.

"சார், கமிட்டியில அஞ்சு பேர் டாக்டர் பக்கம், அஞ்சு பேர் கணக்கு வாத்தியார் பக்கமாம். நீங்க ஒருத்தர்தான் பாக்கி. நாளைக்கு ஒரு கை தூக்கினாப் போதும். இல்லன்னா இந்த நாலு வீட்டையும் நான் விட வேண்டியதுதான். முட்டி ஒத்துக்கல."

"பாப்போம்மா. உங்க பக்கம் நியாயம் இருக்கு."

"இருக்கில்ல சார்?"

"ஒருவகையில."

அவருடைய சங்கடத்தையும் நாம் பார்க்க வேண்டும். நான்காவது மாடிக் கணக்கு வாத்தியாரோடு அவர் ஞாயிற்றுக்கிழமைதோறும் சதுரங்கம் ஆடுகிறார். ஆறு வருஷமாக ஒருமுறைகூட ஜெயித்ததில்லை, தோற்றதுமில்லை, பதினோராவது நகர்த்தலில் "டிரா வெச்சுக்கலாமே" என்று கை நீட்டிவிடுவார். பல் டாக்டரிடமோ அவருடைய இடது கடைவாய்ப் பல் பாதி வேலையில் திறந்து கிடக்கிறது. இரண்டு வாரம் கழித்து வரும் வியாழக்கிழமை மிச்ச வேலை. கையில் துளைகருவி வைத்திருப்பவருக்கு எதிராக யார்தான் கை தூக்குவார்கள்?

கூட்டம் கீழே வண்டிகள் நிற்கும் இடத்தில், பிளாஸ்டிக் நாற்காலிகளில் நடந்தது. டாக்டர் சுகாதாரம் பற்றிப் பேசினார். வாத்தியார் மனிதாபிமானம் பற்றிப் பேசினார். டாக்டர் லிஃப்ட் எவ்வளவு எடை தாங்கும் என்றார். வாத்தியார் நாயின் எடை என்ன என்று கேட்டார். ஒன்றரை மணி நேரம் ஆகிவிட்டது, எல்லோருக்கும் பசி. அப்போதுதான் நம்மவர் எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"ஒருவகையில டாக்டர் சொல்றதும் சரி. வாத்தியார் சொல்றதும் சரி. ஏறுறதுதானே கஷ்டம்? அவங்க ஏறும்போது லிஃப்ட்ல போகட்டும். இறங்கும்போது படியில வரட்டும். இறங்குறது ஒரு உடற்பயிற்சிதானே."

எல்லோரும் கை தட்டினார்கள். டாக்டர் பாதி ஜெயித்துவிட்டோம் என்று தட்டினார், வாத்தியார் ஒன்றும் இல்லாததற்கு இதாவது கிடைத்ததே என்று தட்டினார், மற்றவர்கள் சாப்பிடப் போகலாம் என்று தட்டினார்கள். பழைய காகிதத்தைக் கிழித்துவிட்டுப் புதியதை ஒட்டினார்கள். அதில் மேல்நோக்கி ஓர் அம்புக்குறியும் கீழ்நோக்கிப் படிக்கட்டின் படமும் இருந்தன.

வேலை முடிந்து வந்த மனைவியிடம் விஷயத்தைச் சொன்னார். நாட்டுக்கே ஒரு சட்டம் இயற்றிவிட்டு வந்தவரைப் போல இருந்தது முகம்.

"அந்த அக்கா முட்டிய யாராவது பாத்தீங்களா?"

"அது எதுக்கு? இது கொள்கை முடிவு."

"ஏறினா மூச்சுதாங்க வாங்கும். முட்டி தேஞ்சவங்களுக்கு இறங்கும்போதுதான் உயிர் போகும். என் வார்டுல யாரை வேணா கேட்டுப் பாருங்க."

அவர் யோசித்தார். நேர்மையாகவே யோசித்தார்.

"அப்ப மாத்தி வெச்சிருக்கலாமோ? ஏறும்போது படி, இறங்கும்போது லிஃப்ட்?"

மனைவி எழுந்து சாப்பாடு எடுத்துவைக்கப் போய்விட்டார்.

பத்து நாள் போனது. ஒருநாள் காலை அவர் பத்திரிகைகளை மடித்துவிட்டு நிமிர்ந்தால், கூடத்தின் நடுவில் ஒரு குப்பைக் குவியல். சமையலறைக் குப்பை, படுக்கையறைத் தூசு, பால்கனிச் சருகு எல்லாம் சேர்ந்து, அளந்து வைத்தாற்போல் சரியாக நடுவில். அக்கா துடைப்பத்தை மூலையில் வைத்துவிட்டுப் புறப்படத் தயாராக நின்றார்.

"என்னம்மா இது?"

"சார், இது வெளியில போகணும்னு சிஸ்டர் சொல்றாங்க. நான் உள்ளயே கிடக்கறேன்னு அது சொல்லுது. ரெண்டு பக்கமும் பாத்து, நடுவுல வெச்சிருக்கேன்."

மனைவி குடித்துக்கொண்டிருந்த காப்பி மூக்கில் ஏறியது. அக்கா சிரிக்கவில்லை.

"இந்த மாசக் கடைசியோட நின்னுக்கறேன் சிஸ்டர். நேத்து குப்பைப் பையோட இறங்கினவ மூணாவது மாடியில உக்காந்துட்டேன். அரை மணி நேரம் எழுந்திருக்க முடியல. நாலு வீடு போச்சுன்னா வேற எங்க தேடுறதுன்னு தெரியல. ஆனா முட்டி போச்சுன்னா ஒரு வீடும் கிடையாது."

மனைவி அக்காவை உட்கார வைத்து முட்டியை அழுத்திப் பார்த்தார். பார்த்துவிட்டு எழுந்து, நேராக நான்காவது மாடிக்குப் போய் வாத்தியார் வீட்டு மணியை அடித்தார். சனிக்கிழமை மாலை மறுபடி கூட்டம் என்று முடிவாயிற்று.

அதுவரை அந்தக் குவியல்? அதை மனைவி அள்ளவில்லை. "உங்க தீர்ப்பு, நீங்களே வெச்சுக்கோங்க" என்றுவிட்டார். அள்ளினால் ஒரு பக்கம் சாய்ந்ததாகிவிடுமே என்று நம்மவரும் அள்ளவில்லை. இரண்டு நாள் அதைச் சுற்றிக்கொண்டே நடந்தார். போகும்போது இடப்பக்கமாக, வரும்போது வலப்பக்கமாக.

சனிக்கிழமை கமிட்டித் தலைவர் கறாராக இருந்தார். பேச்சே கிடையாது, கை மட்டும்தான் என்றார். கடைசி வரிசையில் மனைவி, ஷிஃப்ட் முடிந்து நேராக வந்த சீருடையிலேயே உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில், இரும்புக் கதவோரம், உட்காரச் சொல்லியும் உட்காராமல் அக்கா நின்றிருந்தார்.

"அறிவிப்பை எடுத்துடலாம், லிஃப்ட்ல எல்லாரும் போகலாம் வரலாம்னு சொல்றவங்க கை தூக்குங்க."

ஐந்து கைகள் சட்டென்று எழுந்தன. ஆறாவது கை எழத் தொடங்கியது. அதன் பயணத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். தொடையிலிருந்து புறப்பட்டு, சட்டைப் பையை எட்டி, அங்கே பேனா இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்து, கழுத்துக்கு வந்து, பல் டாக்டர் திரும்பிப் பார்த்த நொடியில் இடது கடைவாய்ப் பல் விண்ணென்று தெறிக்க, காதுக்குப் பக்கத்தில் போய் நின்றது. அதற்கு மேல் போகவில்லை. கீழேயும் வரவில்லை.

"ஆறு" என்றார் வாத்தியார்.

"அஞ்சு" என்றார் டாக்டர்.

தலைவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "சார், அது கையா? காது சொறியறீங்களா?"

"ஒருவகையில..."

"இதுல வகையெல்லாம் இல்ல சார். மேலயா, கீழயா?"

கை அங்கேயே நின்றது. பாவம், நடுவில் நிறுத்திவைப்பதுதான் தோளுக்கு அதிக வலி. அப்போது கடைசி வரிசையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"தலைவரே, வீட்டுக்கு ஒரு ஓட்டுதானே?"

"ஆமாம்மா."

"அந்த வீட்டுல நானும் பாதி. அவர் பாதி தூக்கிட்டாரு. மீதியை நான் தூக்கறேன்."

எத்தனையோ கைகளை நேராக்கிய அனுபவம் அவருடையது. கணவரின் முழங்கையை அடியில் பிடித்து, வலிக்காமல், ஆனால் தயங்காமல், நேராக மேலே உயர்த்தினார். காப்பீட்டு நிறுவனத்தில் சேர்ந்த நாளிலிருந்து அந்தக் கை அவ்வளவு உயரம் போனதில்லை.

"ஆறு" என்றார் தலைவர். அக்கா அதற்குப் பிறகுதான் நாற்காலியில் உட்கார்ந்தார்.

காகிதம் போய்விட்டது. டேப் ஒட்டிய நான்கு தடங்கள் மட்டும் சுவரில் இருக்கின்றன. வியாழக்கிழமை, வாயைத் திறந்துகொண்டு நாற்காலியில் சாய்ந்திருந்தபோது, துளைகருவி ஓய்ந்த இடைவெளியில் நம்மவர் சொன்னார்: "கை என்னுதுதான் டாக்டர். தூக்கினது அவ." ஞாயிற்றுக்கிழமை சதுரங்கப் பலகைக்கு மேல் குனிந்து வாத்தியாரிடம் சொன்னார்: "தூக்கினது அவதான். ஆனா கை என்னுது." இரண்டும் உண்மை. அவர் வாழ்நாளில் பொய்யே சொன்னதில்லை.

திங்கட்கிழமை லிஃப்ட்டில் அக்காவும் அவரும் சேர்ந்து ஏறினார்கள். கதவு மூடியதும் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அன்னைக்கு என் ஓட்டு மட்டும் இல்லன்னா இது நடந்திருக்காது, தெரியுமில்ல?"

அக்கா ஈர வாளியைக் கீழே வைத்துவிட்டு, ஏழாம் எண்ணை அழுத்தினார்.

"ஒருவகையில, சார்."

நீங்கள் இந்த இனம் இல்லை என்பது தெரியும். படிக்கிறவர்கள் யாருமே அப்படி இல்லை, பக்கத்து வீட்டுக்காரர்தான். இருந்தாலும் ஒரு கேள்வி. பல் டாக்டரை இவ்வளவு கேலி செய்திருக்க வேண்டாம், அவர் தரப்பையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்று நடுவில் எங்காவது தோன்றியதா? ஏறும்போது லிஃப்ட், இறங்கும்போது படி என்று நம்மவர் சொன்ன இடத்தில், "பரவாயில்லையே, நல்ல யோசனையாக இருக்கிறதே" என்று உங்கள் தலை லேசாக ஆடியதா? பதற வேண்டாம். இந்த நொடி உங்கள் வலது கை எங்கே இருக்கிறது என்று மட்டும் பாருங்கள். காதுக்குப் பக்கத்தில் இருந்தால், முழங்கையைப் பிடித்துத் தூக்குவதற்கு வீட்டில் யாராவது இருக்கிறார்களா என்பதையும் இப்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.